ஐந்து மணிக்கு எழுந்துவிடும் ஊர்

படம் முடிவதற்குள் எழுந்து போகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. நான் போத்தனூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அப்பாவுக்கு டூட்டி இல்லாத வெள்ளிக்கிழமை என்றால் புதுப்படத்துக்கு முதல் நாளே கோயமுத்தூருக்குக் கூட்டிப்போவார். திரையில் 'வணக்கம்' விழுந்து, விளக்கெல்லாம் எரிந்து, கூட்டுகிறவர் விளக்குமாற்றோடு வந்து முறைத்த பிறகுதான் எழுவோம். வீடு வரும்வரை சண்டை. படம் நன்றாக இருந்தது என்று அவர் சொன்னால் இல்லை என்பேன். நன்றாக இல்லை என்றால் அதற்கும் இல்லை என்பேன். அம்மா எங்களைத் தெரியாதவள் மாதிரி முன்னால் விறுவிறுவென்று நடந்துகொண்டிருப்பாள்.

அப்படிப்பட்டவளைக் கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து வீட்டில் கட்டிக்கொடுத்தார்கள். நெல்லும் வாழையும் வாய்க்காலுமாக, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. சினிமாப் பைத்தியத்துக்கும் குறைவில்லை. புதுப்படம் வந்துவிட்டால் மதியக் காட்சிக்குப் பெண்கள் கூட்டமாகப் பஸ் ஏறிவிடுவார்கள். கோளாறெல்லாம் ஐந்து மணிக்குத்தான். ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் வீட்டுக்கு வந்து மாடு கறந்து, மூடுவதற்குள் சொசைட்டிக்குப் பால் கொண்டுபோக முடியும். படம் முடிய ஐந்தரை ஆகும். ஆக, வில்லன் கதாநாயகியைக் கட்டிவைத்துக் கத்தியை எடுக்கிற நேரத்தில் எங்கள் ஊர்க்காரர்கள் இருட்டில் செருப்பைத் துழாவிக்கொண்டிருப்பார்கள்.

முதல் தடவை நான் விளையாட்டென்றே நினைத்தேன். மாமியார் என் கையைப் பிடித்து எழுப்பியபோதுதான் விஷயம் புரிந்தது. அதன் பிறகு எந்தப் படத்தையும் என்னால் நிம்மதியாகப் பார்க்க முடிந்ததில்லை. இடைவேளைக்குப் பிறகு பாட்டு வந்தால் கோபம் வரும், இந்த நேரத்துக்குக் கதையை நகர்த்தித் தொலைத்தால் என்ன என்று. பக்கத்து இருக்கைக்காரரின் மணிக்கட்டையே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அவர்களுக்கு அந்தக் குறையே கிடையாது. பஸ் கிளம்பியதும் விமரிசனம் ஆரம்பமாகிவிடும். கதாநாயகன் செருப்பைக் கழற்றாமல் சேற்றில் இறங்கினான், அவனுக்கெல்லாம் யார் பெண் கொடுப்பார்கள் என்பார் ஒருவர். கதாநாயகி இடுப்பில் வைத்திருந்தது வெறுங்குடம், நிறைகுடத்தோடு அப்படி ஓட முடியுமா என்பார் இன்னொருவர். வில்லன் நல்லாத்தான் நடித்தான், பாவம், என்ன ஆனானோ என்று ஒரு பெரியம்மா வருத்தப்படுவார். முடிவை அவரவரே செய்துகொள்வார்கள். ஒரு சீட்டில் கல்யாணம் நடக்கும், பின் சீட்டில் போலீஸ் வரும். எல்லா முடிவும் நல்ல முடிவுதான். ஆறேழு வருஷமாக ஒரு படத்தின் முடிவையும் பார்க்காத ஊர், சினிமாவில் யாருமே சாவதில்லை என்று நம்பிக்கொண்டிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தக் காலத்தில் கோபிப் பக்கம் படப்பிடிப்புக்குப் பஞ்சமே இல்லை. வாய்க்கால் மேட்டில் வாரத்துக்கு ஒரு கோஷ்டி நிற்கும். ஒரு நாள், ஊரெல்லாம் நடவுக்குப் போயிருந்த நேரத்தில், ஒரு கோஷ்டி எங்கள் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. வேப்பமரமும் பழைய மரக்கதவும் பிடித்துப்போய்விட்டனவாம். வீட்டுக்காரம்மாவாக அத்தையையே நிற்கச் சொன்னார்கள். அத்தை என்று நான் சொல்வது என் மாமியாரை. களைத்துப்போன ஒரு பெண் வாசலில் வந்து நிற்பாள், நீங்கள் அவளிடம் ஏதாவது பேசுங்கள் என்றான் கையில் அட்டை வைத்திருந்த பையன். என்ன பேசுவது என்று அத்தை கேட்டதற்கு, என்ன வேண்டுமானாலும் பேசுங்கள், பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்றான்.

கதாநாயகி கிழிசல் சேலையும் கலைந்த தலையுமாக வந்து நின்றாள். எதிரே பளபளவென்று ஒரு தகட்டைப் பிடித்து வெயிலை அத்தையின் முகத்தில் அடித்தார்கள். அத்தை கண்ணைச் சுருக்கிக்கொண்டு, நிஜமாகவே பதறிப்போய், வீட்டுக்குள் கையைக் காட்டிச் சொன்னார்.

"ஏங்கண்ணு வெயில்ல நிக்கற? உள்ள வா. ஒரு வாய் உண்டுபோட்டுப் போ."

நான் கதவுக்குப் பக்கத்தில் நின்று என் காதால் கேட்டேன். எல்லாம் முடிந்ததும் அத்தை அந்தப் பெண்ணை விடவே இல்லை. சமையலறைக்குக் கூட்டிப்போய்ச் சந்தகை பிழிந்து தேங்காய்ப்பால் ஊற்றிக் கொடுத்தார். அவளும் இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனாள்.

அதற்கப்புறம் அத்தையைக் கையில் பிடிக்க முடியவில்லை. நோம்பிக்குப் போன இடம், எழவுக்குப் போன இடம் என்று பார்க்காமல் எல்லாரிடமும் சொல்லிவைத்தார். படம் வெளியானபோது தாராபுரத்திலிருந்து அவர் தம்பி குடும்பத்தோடு வந்திறங்கினார். ஊரே எங்களோடு தியேட்டருக்கு வந்தது. எங்கள் வாய்க்கால் வந்தது, கைதட்டினார்கள். எங்கள் வேப்பமரம்கூடத் தூரத்தில் ஒரு பாட்டுக்கு நடுவே வந்துபோனது. அத்தை வரவில்லை. ஐந்து மணி ஆகிவிட்டது.

இனிமேல்தான் வருமாக இருக்கும், இருந்து பார்ப்போம் என்று நான் கெஞ்சினேன். அத்தை அரைமனதாக எழுந்துவிட்டார்.

"நான் சினிமாவுல இருக்கறது மாட்டுக்குத் தெரியுமா கண்ணு? மடி கட்டிக்குமல்ல" என்றார்.

அன்று பஸ்ஸில் விமரிசனமே நடக்கவில்லை. படம் பாதிக்கு மேல் இழுவை என்று யாரோ ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டார்கள். தம்பிக்காரர் ஜன்னல் வழியாக வயலைப் பார்த்துக்கொண்டே வந்தார். இறங்கும்போது அடுத்த தோட்டத்து அக்கா அத்தையின் தோளைத் தொட்டு, அதனாலென்னங்க, எடுத்திருப்பாங்க, போட்டிருக்க மாட்டாங்க, விடுங்க என்றார். எங்கள் பக்கத்து மரியாதை அப்படித்தான். நீ சொன்னது பொய் என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் ஒரு சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம். இத்தனை 'ங்க' போட்டுச் சொன்னால் என்ன பதில் சொல்வது?

அத்தை சொசைட்டிக்குப் போவதையே நிறுத்திவிட்டார். பால் கேனை என் கையில் கொடுத்து அனுப்பினார். அங்கே நான் போனதும் பேச்சு நின்று, வெயிலைப் பற்றிப் புதிதாக ஆரம்பிக்கும். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. முடிவைப் பார்க்காமலே தீர்ப்பு எழுதுகிற இந்த ஊரை நினைத்தாலே எரிச்சலாக இருந்தது. ராத்திரியெல்லாம் என் வீட்டுக்காரரைத் தூங்கவிடாமல் பேசி, ஒரே ஒரு பொழுதுக்கு மாடு கறக்கச் சம்மதிக்க வைத்தேன். அவரைக் கண்டாலே அது உதைக்கும். படம் ஓடிய கடைசி வியாழக்கிழமை அத்தையைக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டுதான் போனேன்.

ஐந்து மணிக்கு எங்கள் ஊர்க்காரர்கள் இரண்டு மூன்று பேர் எழுந்தார்கள். கூடவே அத்தையும் எழுந்தார். வெளியே பஸ்காரன் ஹாரன் அடித்தான். நான் அவர் முந்தானையைப் பிடித்து உட்கார வைத்தேன். அவர் கால் செருப்பைத் துழாவிக்கொண்டே இருந்தது. நிஜமாகவே அத்தை வந்த காட்சியை வெட்டியிருந்தால் அவர் முகத்தில் நான் எப்படி முழிப்பது?

வெட்டவில்லை. படத்தின் கடைசிக் கட்டத்தில், கைவிடப்பட்ட கதாநாயகி வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுகிறாள். ஒரு கதவு சாத்தப்படுகிறது. இன்னொன்றில் நாயை ஏவுகிறார்கள். அடுத்து எங்கள் கதவு. திரை முழுக்க அத்தை. அந்தத் தகட்டு வெயிலுக்குச் சுருக்கிய கண், இப்போது வெறுப்பில் சுருங்கியது மாதிரி இருந்தது. உள்ளே வரச்சொல்லி நீட்டிய கை, தூரப் போ என்று விரட்டியது. குரலும் அத்தையுடையது இல்லை. எந்த ஊர்க்காரியோ, கீச்சென்று, இது என்ன சத்திரமா, கண்ட நாயெல்லாம் வந்து நிற்பதற்கு என்று கத்தினாள். தியேட்டரில் யாரோ அத்தையைத் திட்டினார்கள். பெண்கள் 'ச்ச்' கொட்டினார்கள். அடுத்த காட்சியில் அந்தப் பெண் வாய்க்காலில் விழுந்து செத்துப்போனாள்.

கூட்டம் கலையும்போது அத்தை முந்தானையால் தலையை மூடிக்கொண்டார். பஸ் ஸ்டாண்டில் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்தபோதும் எடுக்கவில்லை. எனக்கு அந்த அட்டைப் பையன் கையில் கிடைத்தால் நறுக்கென்று நாலு கேட்க வேண்டும் போல இருந்தது. இருந்தாலும், பொய் சொல்லவில்லை என்றாவது ஊருக்குச் சொல்லலாமே, நாளைக்கு நானே சொசைட்டியில் வைத்துச் சொல்கிறேன் என்றேன்.

"வேண்டாங்கண்ணு. நான் அதுல வரலைன்னே சொல்லிப்போடு."

"அப்படின்னா நீங்க பொய் சொன்னீங்கன்னுதானுங்க அத்தை ஆயிரும்?"

"ஆயிட்டுப் போகுது. வாசல்ல வந்து நின்ன புள்ளையத் தொரத்தியுட்டேங்கறதுக்கு, பொய் சொன்னேங்கறது தேவலை."

மறுநாள் அடுத்த தோட்டத்து அக்கா, நேற்று இருந்து பார்த்தீர்களாமே, வந்ததுங்களா என்று கேட்டார். இல்லீங்க, வெட்டிட்டாங்க என்றேன். படம் எப்படி முடிகிறது என்று கேட்டதற்கு, நல்லபடியாக முடிகிறது என்று சொல்லிவைத்தேன்.

இரண்டு மூன்று வருஷம் போயிருக்கும். எங்கள் வீட்டில் டிவி வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைப் படமாக அதைப் போடப்போகிறார்கள் என்று தெரிந்ததிலிருந்து அத்தைக்குச் சோறு இறங்கவில்லை. அன்றைக்கு ஊரே சீக்கிரம் கறந்து, பால் ஊற்றிவிட்டு, எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. முதல் தடவையாக யாருக்கும் பஸ் பிடிக்க வேண்டியதில்லை. எல்லாரும் சம்மணம் போட்டு வசதியாக உட்கார்ந்தார்கள். அத்தை சுவரோரமாக இருந்துகொண்டு, மாடு கத்துகிற மாதிரி இருக்கிறது என்றார். யாரும் எழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி சொன்னார். கறந்தாச்சல்லங்க, அது கெடக்குது என்றார்கள்.

கதாநாயகி முதல் கதவைத் தட்டினாள். அத்தை என்னைப் பார்த்தார். நான் காபி வைக்கப் போகிறவள் மாதிரி எழுந்துபோய், நடையில் மீட்டர் பெட்டிக்குக் கீழே இருந்த பீஸ் கட்டையைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன். வீடு இருண்டது.

ஜன்னலுக்கு நேர் எதிரே, அடுத்த தோட்டத்து மோட்டார் ரூமில் குண்டு பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. அதே லைன், அதே கரண்டு. எல்லாரும் அதைப் பார்த்தார்கள்.

"இப்பவெல்லாம் கரண்டு எங்கீங்க நிக்குது" என்றார் அந்த மோட்டார் ரூமுக்குச் சொந்தக்கார அக்கா.

அத்தை சிம்னி விளக்கைப் பற்றவைத்துக்கொண்டு வந்தார். ஒருவரையும் எழுந்திருக்க விடவில்லை, உண்டுபோட்டுத்தான் போக வேண்டும் என்று இலை போட்டார். சாப்பிட்டுக்கொண்டே, பழைய பஸ்ஸில் போல, ஆளுக்கொரு முடிவு சொல்ல ஆரம்பித்தார்கள். கதாநாயகன் தேடிக்கொண்டு வந்துவிடுவான் என்றார் ஒருவர். அடுத்த தோட்டத்து அக்கா மட்டும் தலையைத் தூக்காமல் சோற்றைப் பிசைந்தபடி சொன்னார்.

"அந்தப் புள்ளைய எந்த ஊட்லயாச்சும் உள்ள கூப்புட்டு ஒரு வாய் சோறு போட்டிருப்பாங்கங்க. நம்ம பக்கத்துல போடாம உட்ருவாங்களா?"

அத்தை அவர் இலையில் இன்னொரு கரண்டி சோறு வைத்தார். எல்லாரும் கைகழுவிக் கிளம்பி, கடைசி ஆள் வேலியைத் தாண்டிய பிறகுதான் நான் போய்ப் பீஸைச் செருகினேன்.