ஓடைப் பாலத்தில் கேட்ட 'ஆ'

நான் தமிழ் வாத்தியார். சந்தி பிரிப்பேன், சீர் பிரிப்பேன். ஆனால் கண்டிகை சாலையில் ஒரு மனிதர் என்னைப் பார்த்துச் சொன்ன ஒரே ஒரு சொல்லை இன்றுவரை என்னால் பிரிக்க முடியவில்லை.

அது யுத்த காலம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலை கிடைத்து வந்தவன் நான். திருத்தணியில் மலையடிவாரத்தில் ஓர் அறை, கே.ஜி.கண்டிகையில் பள்ளிக்கூடம், நடுவே தினமும் சைக்கிள். காலையில் எனக்கு எதிரே பள்ளிப்பட்டிலிருந்து கரி பஸ் வரும். பெட்ரோல் கிடைக்காததால் முதுகில் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு இருமிக்கொண்டே வரும். நாங்கள் சந்திக்கிற இடம் பெரும்பாலும் ஓடைப் பாலம்தான். பாலத்தில் பஸ் ஏறிவிட்டால் சைக்கிளுக்கு இடம் கிடையாது. யாராவது ஒருவர் நின்றுதான் தீரவேண்டும்.

உள்ளதைச் சொல்கிறேன், நிற்பது பெரும்பாலும் அந்த டிரைவர்தான். கரி பஸ்ஸை நிறுத்தினால் மறுபடி கிளப்புவது லேசான காரியமில்லை. ஆனாலும் நிறுத்துவார். ஜன்னல் வழியே கையை நீட்டி, "ஆங்" என்பார். எங்கள் ஊரில் 'ஆங்?' என்றால் காதில் விழவில்லை என்று அர்த்தம். முதல் நாள் நான் இறங்கி நின்று, "நான் ஒண்ணும் சொல்லலையே" என்று கத்தினேன். பஸ்ஸே சிரித்தது. இங்கே அதற்கு 'ஆமாம், வா' என்று பொருளாம்.

அவருக்கு அவசரமான நாளில், அதே கையை நீட்டி, "ஆகு" என்பார். அது தெலுங்கு. நில் என்று அர்த்தம். வீட்டில் தெலுங்கும் தெருவில் தமிழும் பேசுகிறவர் அவர். எப்போது எது வாயில் வரும் என்று அவருக்கே நிச்சயமில்லை.

அன்று, பஸ் பாலத்தை நெருங்கும்போதே கையை நீட்டினார். 'ஆ' என்பது காதில் விழுந்தது. மிச்சத்தை இரைச்சல் விழுங்கிவிட்டது. நான் பாலத்தில் ஏறினேன். பஸ்ஸும் ஏறியது. என் மேல் மோதாமல் ஒடித்துத் திருப்பியதில் பஸ் கைப்பிடிச் சுவரை இடித்து, முன் சக்கரம் ஓடைப் பக்கம் தொங்க நின்றது. பெரிய காயம் யாருக்கும் இல்லை. என் முழங்கால் சிராய்ந்தது. நெசவுக்காரர் ஒருவரின் புடவை மூட்டை தண்ணீரில் விழுந்தது. பஸ்ஸின் முன் அச்சு முறிந்துபோனது. டிரைவர் மேல் தப்பென்றால் முதலாளி அவரை வேலையை விட்டு அனுப்பிவிடுவார் என்று அங்கேயே பேசிக்கொண்டார்கள்.

மறுநாள் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். சப்-இன்ஸ்பெக்டர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அவன் உங்கள வரச் சொன்னானா, நிக்கச் சொன்னானா?"

அந்தக் கேள்வியில் ஒருவரின் பிழைப்பு இருந்தது. கண்ணை மூடி யோசித்தேன். 'ஆங்' என்று நினைத்தால் 'ஆங்' கேட்டது. 'ஆகு' என்று நினைத்தால் 'ஆகு' கேட்டது. எனக்கு என் காதின் மேலேயே ஆத்திரம் வந்தது. "நிக்கத்தான் சொன்னார். நான்தான் கேக்காம வந்துட்டேன்" என்றேன். அப்போது திருத்தணி ஆந்திரப் பக்கத்துச் சித்தூர் ஜில்லாவில் இருந்தது; ஸ்டேஷன் எழுத்தெல்லாம் தெலுங்குதான். தெலுங்கில் எழுதி நீட்டினார்கள். ஓர் எழுத்தும் புரியாத என் வாக்குமூலத்துக்குக் கீழே தமிழில் கையெழுத்துப் போட்டேன். சொன்னது பொய்யா மெய்யா என்பதும் எனக்குப் புரியவில்லை.

டிரைவரின் வேலை தப்பியது. எனக்குச் செவிட்டு வாத்தியார் என்று பெயர் கிடைத்தது. ஒரு வாரம் கழித்து அவர் என் அறைக்கு வந்தார். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று பாயை விரித்தேன். முகம் கடுகடுவென்று இருந்தது.

"இன்னாத்துக்கு வாத்தியாரே அப்டி சொன்னீங்க? நீங்க வந்துகினு இருந்தீங்க, நான் ஆங்னுதான் சொன்னேன். பிரேக் புடிக்கல."

"நிச்சயமாவா?"

"ஆங்" என்றார். பிறகு, "அப்டித்தான் நெனச்சிகினு இருக்கிறேன்" என்றார்.

என் பெயர் கெட்டதைப் பொறுக்காமல் சொல்கிறாரா, உண்மையைத்தான் சொல்கிறாரா? கேட்டால் கோபித்துக்கொள்வார்.

"அப்ப ஸ்டேஷன்ல போய் மாத்திச் சொல்லட்டுமா?"

"சொன்னா வேல பூடுங்க."

"சொல்லலைன்னா?"

"தூக்கம் வரலீங்களே."

பிறகு அவர் எழுந்து போய்விட்டார்.

பழுது பார்த்து பஸ் மறுபடி ஓடிய முதல் நாள், பாலத்துக்கு அந்தப் பக்கம் அவர் நிறுத்தினார். இந்தப் பக்கம் நான் இறங்கி நின்றேன். அவர் வாயைத் திறக்கவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கிலேயே இருந்தன. எனக்கும் ஏற மனம் வரவில்லை. பஸ்ஸில் இருந்தவர்கள் தமிழிலும் தெலுங்கிலும் கத்தினார்கள். போகச் சொன்னார்களா நிற்கச் சொன்னார்களா, அதுவும் யாரை என்று எனக்கு விளங்கவில்லை. நின்று நின்று என்ஜினும் அணைந்துபோனது.

கடைசியில் அவர் இறங்கி நடந்து வந்தார். என் சைக்கிளை வாங்கித் தள்ளிக்கொண்டு பாலத்தைக் கடந்தார். நான் பின்னாலேயே போனேன். பஸ்ஸைத் தாண்டியதும் சைக்கிளை என் கையில் கொடுத்து, "ஏறுங்க" என்றார்.

அந்த ஒரு சொல்லில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.