படிக்காமல் போட்ட கட்டைவிரல்

எங்கள் மேனேஜர் பத்து பெரிங்கி என்னும் கடற்கரை ஊரில், கடலைப் பார்த்த ஹோட்டல் ஒன்றுக்கு இரண்டு நாள் தலைமைத்துவப் பயிற்சிக்குப் போனார். போகும்போது சாதாரண மனிதராகத்தான் போனார். திரும்பி வரும்போது தலைவராகியிருந்தார்.

எங்களுடையது ஜுருவில் பாட்டில் மூடிகள் செய்யும் தொழிற்சாலை. பகல் ஷிப்டுக்கு நான் சூப்பர்வைசர், இரவு ஷிப்டுக்கு ஓர் அக்கா. பல வருடங்களாக எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. காலை ஏழு மணிக்கு நான் உள்ளே வந்ததும், பிளாஸ்டிக் பையில் கட்டிய தேநீரை உறிஞ்சியபடி இயந்திரம் இயந்திரமாக என்னைக் கூட்டிக்கொண்டு போவார். "ஒன்னு நல்லாருக்கு தம்பி. ரெண்டு சூடாவுது, கண்ணு வச்சிக்க லா." பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். பிறகுதான் அவர் செபராங் ஜெயாவிலிருக்கும் வீட்டுக்கு வேன் ஏறுவார்.

தலைவருக்கு இது பிடிக்கவில்லை. "நின்னு கதை பேசறது டீம்வொர்க் இல்ல," என்றார். வாட்ஸ்அப்பில் 'ஒரே குடும்பம்' என்று ஒரு குழு தொடங்கினார். இனி எல்லாத் தகவலும் அதில்தான், ஷிப்ட் முடிந்தவர்கள் உடனே வெளியேற வேண்டும் என்று உத்தரவு. குடும்பத்தில் நாற்பது பேர். தினமும் காலை ஆறரை மணிக்குச் சூரிய உதயப் படத்தோடு ஒரு பொன்மொழி வரும். அதற்கு நாங்கள் 'லைக்' என்று கட்டைவிரல் போடவேண்டும். போடவேண்டும் என்று யாரும் சொல்லவில்லைதான். ஒருநாள் போடாமல் விட்ட ஸ்டோர் அண்ணனை அறைக்கு அழைத்து, "வீட்ல ஏதும் பிரச்சனையா அண்ணே?" என்று மிகுந்த பரிவோடு விசாரித்தார். அதன்பிறகு யாருக்கும் வீட்டில் பிரச்சனையே வரவில்லை.

நானும் இந்தக் கலையில் தேறிவிட்டேன். ஜெலுத்தோங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் கிளம்பி, கடல் பாலத்துக்கு முன்னால் சிவப்பு விளக்கில் நிற்கும்போதே, வந்து கிடக்கும் எல்லாவற்றுக்கும் வரிசையாகக் கட்டைவிரல் போட்டுவிடுவேன். படிக்கமாட்டேன். படித்துவிட்டுத்தான் போடவேண்டும் என்று தலைவரும் சொன்னதில்லை.

அன்று காலை எட்டு மணி இருக்கும். மூன்றாவது இயந்திரத்தில் மூடி ஒன்று சிக்கிக்கொண்டது. அங்கே வேலை செய்த பெண், எப்போதும் போல அதன் பாதுகாப்புக் கதவைத் திறந்து கையை விட்டாள். கதவைத் திறந்தால் இயந்திரம் நிற்கவேண்டும். நிற்கவில்லை. கையுறையோடு ஒரு நகமும் போயிற்று. விரல் தப்பியது அவள் செய்த புண்ணியம்.

அவளைக் கிளினிக்குக்கு அனுப்பிவிட்டுக் கைப்பேசியைத் திறந்தேன். ஆறு நாற்பதுக்கு, பொன்மொழிக்குக் கீழே, அக்கா எழுதியிருந்தார்: மூணாம் நம்பர் கதவு சரியில்ல, தொறந்தாலும் மெசின் ஓடுது, ஓட்டாதீங்க. அதன் கீழ் பதினேழு கட்டைவிரல்கள். ஒன்று தலைவருடையது. ஒன்று என்னுடையது.

இரவு முழுக்க வேலை செய்துவிட்டுத் தூங்கப் போன அக்காவைப் பிற்பகல் மூன்று மணிக்கு வரவழைத்தார்கள். மேசையின் ஒருபுறம் தலைவர், மறுபுறம் நாங்கள் இருவர்.

"எழுதிப் போட்டா மட்டும் கம்யூனிகேஷன் ஆயிடுமா அக்கா? நேர்ல நின்னு சொல்லிருக்கணும்," என்றார் தலைவர். நேரில் நின்று சொல்லக்கூடாது என்று உத்தரவு போட்ட அதே வாய்தான். சூப்பர்வைசர் பொறுப்பிலிருந்து அக்காவை இறக்கி, பழையபடி லைனில் தொழிலாளியாக நிறுத்தப்போவதாகவும் சொன்னார்.

அக்கா என்னைப் பார்த்தார். நான் மேசையிலிருந்த பேனாவைப் பார்த்தேன். முதுகுக்குப் பின்னால் தலைவரைக் கிண்டலடித்த வாய் அப்போது எங்கே போயிற்று என்று தெரியவில்லை. என் வேலையும் போய்விட்டால் என்ற பயம் ஒன்றுதான் இருந்தது. அக்கா மறுபடியும் பார்த்தார்.

"போஸ், அக்கா சொல்லிட்டாங்க," என்றேன் தலைவரிடம். "நான் படிக்காம கட்டைவிரல் போட்டேன். நீங்களும் போட்டிருக்கீங்க."

தலைவர் கைப்பேசியில் அந்தச் செய்தியைத் தேடிப் பார்த்தார். கடைசியில் அக்காவின் பொறுப்பு தப்பியது. எச்சரிக்கைக் கடிதம் எனக்கு வந்தது. தலைவருடைய கட்டைவிரலுக்குக் கடிதம் கொடுக்க ஆள் இல்லை.

மறுநாள் ஆறரைக்குப் பொன்மொழி வந்தது: தவறை ஒப்புக்கொள்பவனே தலைவன். நாற்பது பேரில் முப்பத்தெட்டு கட்டைவிரல்கள்.

ஏழு மணிக்கு அக்கா உத்தரவை மீறி, தேநீர்ப் பையோடு முதல் இயந்திரத்தருகே நின்றிருந்தார். அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூசியது.

"நேத்தே நான் சட்டுனு சொல்லிருக்கணும்க்கா."

"சொன்னதானே லா," என்றார். "ரெண்டு தடவ பாக்க வச்சிட்டுச் சொன்ன."

பிறகு இயந்திரத்தின் பக்கம் திரும்பினார். "ஒன்னு நல்லாருக்கு. வா, அடுத்தது பாக்கலாம்."