படம் எடுத்த நேரம்

கல்யாணச் சீசன் முடிகிற வாரங்களில் எனக்குக் கழுத்து திரும்பாது. யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் உடம்பையே திருப்பித்தான் பார்க்க வேண்டும். கோபாலபுரத்தில் மாநில எல்லைச் செக்போஸ்ட்டுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம் எங்கள் ஸ்டுடியோ இருக்கிறது. முன்னறையில் பாஸ்போர்ட் படம் எடுக்க ஒரு நீலத் துணி, உள்ளறையில் என் கம்ப்யூட்டர். கல்யாணங்களுக்கு நானும் என் வீட்டுக்காரரும் ஆளுக்கொரு கேமராவோடு போவோம். திரும்பி வந்ததும் அவர் அடுத்த கல்யாணத்துக்கான பேச்சில் இறங்கிவிடுவார். படங்களோடு உட்காருவது நான்.

அந்த வருடம் எலப்புள்ளிப் பையன் ஒருவனுக்குச் சின்னக்கானலில் பெண் எடுத்தார்கள். அவன் கஞ்சிக்கோட்டில் கம்பெனி வேலையில் இருந்தான். பெண் தேயிலை எஸ்டேட்டில் வேலை பார்த்த கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். மாப்பிள்ளை வீட்டார் எங்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள். முந்தின நாளே மலையேறி, குளிரில் சரியாகத் தூங்காமல், காலையில் சர்ச்சுக்குப் போய் நின்றோம். சின்ன சர்ச். பீடத்துப் பக்கம் படம் எடுக்க ஒருவர் போதும் என்று பாதிரியார் சொல்லிவிட்டார். அதனால் பெண்ணின் அப்பா அவளைக் கைப்பிடித்து உள்ளே அழைத்து வருவதை மட்டும் நான் பின்னாலிருந்து எடுத்தேன். பிறகு வெளியே வந்துவிட்டேன். உள்ளே வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டார். நான் வெளியே சமையல் கொட்டகை, வந்து நிற்கிற ஜீப்புகள், ஓடிப்பிடித்து விளையாடுகிற குழந்தைகள் என்று எடுத்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. சாயங்காலம் நாங்கள் மலையிறங்கும்போது பெண்ணின் அப்பாவை மூணாறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருப்பதாகப் போன் வந்தது. நெஞ்சு வலி. அந்த வாரம் முடிவதற்குள் அவர் இறந்துவிட்டார்.

படங்கள் அப்படியே கிடந்தன. யாரும் கேட்கவில்லை, நாங்களும் பேசவில்லை. ஆனால் வேலை வரிசையில் அவை இருந்ததால் மற்றவற்றோடு சேர்த்துக் கோயம்புத்தூரில் கலர் திருத்துகிறவரிடம் அனுப்பிவிட்டேன். சில மாதம் கழித்துப் பெண்ணே போன் செய்து படங்களைக் கேட்டாள். திருத்தி வந்ததை அப்படியே அனுப்பினேன், ஆல்பத்துக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி.

இரண்டு நாள் கழித்து மறுபடி கூப்பிட்டாள்.

“அக்கா, ஒரு வெவரம் கேக்கணும். நீங்க அனுப்புன படம் எல்லாத்துலயும் ஒரே தேதிதான் காட்டுது. கல்யாணத் தேதி கூட இல்ல. எந்தப் படம் எத்தன மணிக்கு எடுத்ததுன்னு தெரியணுமே.”

எதற்கென்று கேட்டேன். ஒரு படத்தின் எண்ணைச் சொன்னாள். நான் திறந்து பார்த்தேன். குழந்தைகள் ஓடுகிற படம். நான் எடுத்ததுதான். பின்னால் சர்ச்சின் பக்கவாசல் படி, சுவர் நிழல். நான் எடுத்தபோது அந்த மூலை வெறும் கறுப்பு. திருத்தியவர் இருட்டை வெளுக்க வைத்திருந்தார். வெளுத்த இடத்தில் அவள் அப்பா உட்கார்ந்திருந்தார். ஒரு கை நெஞ்சில். தலை சுவரில் சாய்ந்திருந்தது. படத்தின் ஓரத்துக்கு வெளியேயிருந்து ஒரு பெண்ணின் கை அவரிடம் சோடா பாட்டிலை நீட்டிக்கொண்டிருந்தது.

“சாப்பாட்டுக்கு அப்புறந்தான் அப்பாவுக்கு முடியாமப் போச்சுன்னு அம்மா சொல்லுது” என்றாள். “இந்தப் படம் தாலி கட்டுறதுக்கு முந்தியா பிந்தியான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்கக்கா.”

பார்க்கிறேன் என்றேன்.

படத்துக்குள்ளேயே எடுத்த தேதி, நேரம், எந்தக் கேமரா என்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் பதிந்திருக்கும். கலர் திருத்துகிறவர் சேமித்த விதத்தில் அவ்வளவும் போய்விட்டது. பெயரையும் மாற்றி, இரண்டு கேமராப் படங்களையும் கலந்து, ஒன்று இரண்டு என்று வரிசை எண் போட்டிருந்தார். மூலப் படங்கள் என் ஹார்ட் டிஸ்க்கில் பத்திரமாக இருந்தன. அவற்றிலிருந்து விவரங்களை எடுத்துத் திருத்திய படங்களில் ஏற்ற ஒரு இலவச மென்பொருள் உண்டு. இரண்டு ஃபோல்டரிலும் ஒரே பெயரில் படங்கள் இருந்தால் ஒரு வரிக் கட்டளையில் எல்லாவற்றையும் ஏற்றிவிடும். பெயர்கள் ஒன்றாக இல்லாததுதான் தொல்லை. ஒவ்வொரு படமாகப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இது அது என்று கண்டுபிடித்து, நானே பெயரை மாற்ற வேண்டும்.

அவள் கேட்டது ஒரு படத்தைப் பற்றித்தான். ஆனால் ஆல்பத்தை வடிவமைக்கவும் வரிசை வேண்டும். என்றைக்கிருந்தாலும் செய்ய வேண்டிய வேலை. காலையில் சமையலை முடித்துவிட்டு உட்காருவேன். யாராவது பாஸ்போர்ட் படத்துக்கு வந்தால் எழுந்து போவேன். திரும்பி வந்தால் எந்தப் படத்தில் விட்டேன் என்று தெரியாது. ஒரே முகங்கள், ஒரே சிரிப்பு. ஒன்றில் கண் மூடியிருக்கும், அடுத்ததில் திறந்திருக்கும். அந்த ஒரு வித்தியாசத்தை வைத்து இரண்டையும் பிரிக்க வேண்டும். கண் எரிந்து தண்ணீர் வடியும். அழுகிறேன் என்று நினைத்து ஒரு வாடிக்கையாளர் என்னம்மா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

அதன் பிறகும் ஒரு சிக்கல் இருந்தது. என் கேமரா கல்யாணத்துக்கு முந்தின வாரம்தான் ரிப்பேரிலிருந்து வந்திருந்தது. அதன் கடிகாரத்தை நாங்கள் சரிசெய்யவில்லை. என் படங்களெல்லாம் ஏதோ ஒரு பழைய வருடத்தில், நடுராத்திரியில் எடுத்ததாகச் சொல்லின. வீட்டுக்காரரின் கேமராவில் நேரம் சரியாக இருந்தது. இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று தெரிந்தால் என் படங்கள் எல்லாவற்றையும் அவ்வளவு நகர்த்திவிடலாம். அதற்கு இரண்டு பேரும் ஒரே நொடியில் எடுத்த ஒரு படம் வேண்டும்.

தேடித் தேடிக் கிடைத்தது. அப்பாவும் மகளும் வாசலில் நுழைகிறார்கள். வீட்டுக்காரர் பீடத்துப் பக்கமிருந்து எடுத்த படத்தில், அவர்கள் தோளுக்குப் பின்னால் நான் நிற்கிறேன். என் ஃபிளாஷ் எரிகிறது. அதே காலடி, அதே கையசைவு என் படத்திலும் இருந்தது, முதுகுப் பக்கமிருந்து. வித்தியாசத்தைக் கணக்கிட்டு என் படங்களை நகர்த்தினேன். பிறகு எல்லாவற்றையும் நேரப்படி அடுக்கினேன்.

குழந்தைகள் ஓடுகிற படம் பிரசங்கத்தின் நடுவில் வந்து நின்றது. தாலி கட்டுவதற்கு முன்னால். நிறையவே முன்னால். அதற்கப்புறம் தாலி கட்டும் படம். அதில் அவள் அப்பா முதல் வரிசையில், கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, நிமிர்ந்து நிற்கிறார்.

நான் எழுந்து போய் முகம் கழுவினேன்.

அன்றைக்கு வீட்டுக்காரர் வந்ததும் இரண்டு படங்களையும் காட்டினேன். “ஏனுங்க, நேரத்தையெல்லாம் ஏத்தாமயே குடுத்துறலாங்களா? ஆல்பத்துக்கு வரிசை மட்டும் போதுமுங்க. நேரம் கெடைக்கலைன்னு சொல்லீர்றேன்” என்றேன்.

அவர் தாலி கட்டும் படத்தையே பார்த்தார். உள்ளே, அந்த மனிதரிலிருந்து சில அடி தூரத்தில் நின்றிருந்தவர் அவர். தனக்கு ஒன்றும் தெரியவில்லை, நன்றாகத்தானே நின்றார் என்று மெதுவாகச் சொன்னார். பிறகு, “அந்தப் புள்ள தெரிஞ்சுக்கோணும்னுதான் கேட்டிருக்குது. தெரியாதுன்னு சொன்னா எந்நேரமும் அதையே நெனச்சுட்டிருக்கும். சொல்லீரு” என்றார்.

மறுநாள் கட்டளையை ஓட்டினேன். எல்லாப் படங்களிலும் நேரம் ஏறியது. அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன், சுற்றி வளைக்காமல். தாலிக்கு முன்னால்தான். வெளியே போய் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி உள்ளே வந்திருக்கிறார்.

அந்தப் பக்கம் குக்கர் விசில் கேட்டது. பிறகு அவளே சொன்னாள்:

“சோடா நீட்டுற அந்தக் கை அம்மாவோடதுக்கா. அத மொதல்லயே பாத்துட்டேன். அதான் அம்மாகிட்ட கேக்கல.”

இனிக் கேட்பாயா என்றேன்.

“இல்லக்கா. அதுக்குத் தோணுறப்ப சொல்லட்டும்.” ஆல்பத்தில் அந்தப் படம் வேண்டாம், மற்றதெல்லாம் வரிசைப்படி இருக்கட்டும் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

ஆல்பம் அச்சாகி வந்ததும் நாங்கள் இருவருமே எலப்புள்ளிக்குக் கொண்டு போனோம். அவள் அம்மா சின்னக்கானலில் இருந்து வந்து மகளோடு தங்கியிருந்தார். கைகளில் தேயிலைக் கறை இன்னும் போகவில்லை. கட்டிலில் உட்கார்ந்து மடியில் ஆல்பத்தை வைத்துக்கொண்டு மெதுவாகப் புரட்டினார். மகள் தரையில் உட்கார்ந்து பார்த்தாள். தாலி கட்டும் பக்கம் வந்ததும் அம்மா நிறுத்தினார். கணவரின் முகத்தின் மேல் விரலை வைத்தார்.

“அவுகளுக்கு அப்பமே முடியல” என்றார், யாரையும் பார்க்காமல். “வாங்க, ஆசுபத்திரிக்குப் போவோம்னேன். பிள்ள கழுத்துல தாலி ஏறட்டும், நீ வாயத் தொறக்காதன்னாக. சாப்பாட்டுலயும் அப்படியேதான் நின்னாக.”

மகள் அம்மாவின் முழங்காலில் தலையை வைத்துக்கொண்டாள். “தெரியும்மா” என்றாள். அம்மா எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. மகளின் தலையில் கையை வைத்தபடி, இன்னொரு கையால் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். மாப்பிள்ளை எங்களுக்குக் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, நிற்பதா போவதா என்று தெரியாமல் வாசலுக்குப் போனான்.

கிளம்பும்போது அந்த அம்மா, கணவர் நிமிர்ந்து நிற்கிற அந்த இடத்தை மட்டும் தனியாகப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுத் தர முடியுமா என்று கேட்டார். தருகிறேன் என்றேன்.

திரும்பும் வழியில் வீட்டுக்காரர் வண்டியை ஓட்டினார். சாலையின் இரண்டு பக்கமும் அறுத்துப் போட்ட வயல், வெயில். கொழிஞ்சாம்பாறை தாண்டியதும் அவர் போன் அடித்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு நிச்சயதார்த்தம். போகலாமா என்று என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். பிறகு தலையாட்டினேன். கழுத்து இழுத்துப் பிடித்துக்கொண்டது.