ஸ்கெல்பி சாலையில் 214

அன்று அங்கே இருந்தவர்கள் மூன்றே பேர். எனிட் கார்த்வெயிட் ஆகிய நான். மாடிப் பேருந்தைப் பார்த்த மாத்திரத்தில் அதன் வகை சொல்லிவிடும் டெஸ்மண்ட் பிக். அவர் மனைவி மாவிஸ். யாரும் குடித்திருக்கவில்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன். நம்பாதவர்களிடம் கெஞ்சப் போவதில்லை.

1994 நவம்பர் 12, லிங்கன்ஷயர். மாலை நான்கு மணி, மூடுபனி. கண்காட்சி முடிந்து திரும்பும் பழைய பேருந்துகளைக் குறித்துக்கொள்ள ஸ்கெல்பி சாலை நிறுத்தத்தில் நின்றிருந்தோம். நாற்பது ஆண்டுகளுக்கு முன் அதே தேதியில், அரை மைல் தள்ளியுள்ள ரயில் பாலத்தில், தான் ஓட்டிவந்த பேருந்து மோதி என் அப்பா ஹெட்லி இறந்தார். மேல்தளத்தில் இருந்த இருவரும் இறந்தார்கள். அந்தப் பாலத்தின் அடியில் உயரம் குறைந்த வண்டிதான் போகும். "குறைந்த உயரமுள்ள 214-ஆம் எண் வண்டி தயாராக நின்றது. டிரைவர்தான் மாற்றி உயரமான வண்டியை எடுத்துவிட்டார்" என்று கம்பெனி எழுதியது.

"அசதிதான் எனிட். யாருக்கும் வரும்," என்றார் டெஸ்மண்ட்.

"எங்கப்பாவுக்கு வராது."

"விடு டெஸ்," என்றாள் மாவிஸ். "பஸ்ஸோட வயசெல்லாம் சரியாச் சொல்லுவ. என் பொறந்தநாள் மட்டும் மறந்துடும்."

4:10. டிங்... டிங்...

மஞ்சள் விளக்குகள். சிவப்பு மாடிப் பேருந்து ஒன்று எங்கள் முன் நின்றது.

"214-ஆ?" டெஸ்மண்ட் கண்ணாடியைத் துடைத்தார். "இதை உடைச்சு முப்பது வருஷமாச்சே! எவனோ நம்பரை மாத்தி ஒட்டியிருக்கான்."

"உயரமான வண்டியா, குறைவானதா?" என்றேன்.

"பனியில தெரியல. உள்ள போனாத்தான் தெரியும்."

நான் ஏறினேன். உயரம் குறைந்த வண்டியில் மேல்தள நடைபாதை வலப்பக்கம் பள்ளமாக இறங்கியிருக்கும். அதனால் கீழே வலப்பக்க இருக்கையில் உட்கார்ந்து எழுந்தால் தலை இடிக்கும்.

உட்கார்ந்தேன். எழுந்தேன்.

டொக்!

குறைந்த வண்டியேதான். நெற்றி வீங்கியது. உள்ளே பயணிகள் இல்லை. கண்டக்டரும் இல்லை. முன்னால் தனியாக இருந்த டிரைவர் அறை உள்ளிருந்து தெரியவில்லை. மணி அடித்தது யார்?

கம்பியைப் பிடித்தேன்... அதிர்வே இல்லை.

நின்ற வண்டி உறுமும். இது உறுமவில்லை.

இறங்கிவிட்டேன். 4:13.

டிங்... டிங்...

நகர்ந்தது. ஈரச் சாலையில் டயர் ஓசை மட்டும்... சர்ர்ர்...

டெஸ்மண்டின் டார்ச் தரையில் கிடந்தது.

"முன்னாடி அடிச்சுப் பாத்தேன்," என்றார். "முன்பக்கக் கம்பி வலைக்குப் பின்னால... காலி."

"இன்ஜினா?"

"காலி, எனிட்."

மூன்று வாரம் கழித்து டெஸ்மண்ட் என் வாசலில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். இறந்துபோன மெக்கானிக் ஒருவரின் மனைவியிடமிருந்து வாங்கிய பணிமனைத் தாள் அவர் கையில் இருந்தது. 214: இன்ஜின் இறக்கியது, 9 நவம்பர் 1954. மீண்டும் ஏற்றியது, 23 நவம்பர்.

"மன்னிச்சுக்குங்க."

"எங்கிட்ட வேண்டாம். கல்லறைக்குப் போய்ச் சொல்லுங்க."

போய்ச் சொன்னார். மாவிஸ் சாட்சி.

நாங்கள் பார்த்தது என்ன என்று எனக்குத் தெரியாது. விளக்கம் தேடவும் இல்லை. ஆனால் ஹெட்லி கார்த்வெயிட் வண்டியை மாற்றி எடுத்தார் என்று ஸ்கெல்பியில் இன்னும் ஒரு பேச்சு உலவுகிறது. தவறு. விபத்து நடந்த அன்று ஓடும் நிலையில் 214 இல்லை. அவர் கையில் கொடுத்த வண்டியைத்தான் அவர் ஓட்டினார்.