கோட்டை வைத்தியரின் மூச்சு

பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்து தேசத்து வைத்தியர் பேசுவதைத் தமிழில் மாற்றிச் சொல்வது என் வேலை. எங்கள் குப்பத்தில் எழுத்துப் படித்த முதல் ஆள் நான். வைத்தியர் பருத்த மனிதர். நாலடி நடந்தாலே இரைக்கும். நின்று, தன் நாடியைத் தானே பிடித்துப் பார்த்துக்கொள்வார்.

ஒருநாள் ஏரியில் கையால் இறால் பிடிக்கப் போனவன் முழுகிவிட்டான். கரையில் கிடத்தியிருந்தார்கள். கோட்டையிலிருந்து வைத்தியர் ஓடியே வந்தார்.

"நாடி ஓடுது, பொழச்சிக்கினான். வூட்டுக்குத் தூக்குங்கடா!" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள்.

வைத்தியர் மறித்துச் சொன்னதை நானும் கத்தினேன்: "ரத்தம் மார்ல காத்த வாங்கித்தான் ஒடம்புக்குக் கொண்டுபோவும். இவன் மார்ல காத்தே இல்ல. ரத்தம் வெறும் வலைய இழுக்கிற மாதிரி ஓடுது. சீக்கிரம் வாயில ஊதணும்!"

ஊத அவருக்கே மூச்சில்லை. அவன் மனைவியைக் காட்டினார்.

"மாமா எதிர்லயா? இன்னாப்பா சொல்ற?" என்று அவள் பதறினாள்.

பக்கத்தில் நின்ற மாமனார் சட்டென்று ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். "நான் பாக்கல. ஊதும்மா!"

கூட்டமே திரும்பி நின்றது. அவள் முந்தானையால் இரண்டு தலையையும் மூடிக்கொண்டு ஊதினாள், ஊதிக்கொண்டே இருந்தாள். கடைசியில் துணிக்குள் இருமல் கேட்டது.

வைத்தியர் மணலில் சரிந்து உட்கார்ந்திருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது.

"உங்களுக்கும் ஊதச் சொல்லவா?" என்றேன்.

"எனக்குக் காற்று இருக்கிறது. அதைச் சுமக்கத்தான் இதயத்துக்குத் தெம்பில்லை" என்று சிரித்தார்.

அப்படி ஓடி வந்தால் தன் இதயம் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாதா என்ன?