நான் அழுத்திய அனுமதி

என் ஜெராக்ஸ் கடைக்கும் அவளுடைய தையல் கடைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். அவள் மிஷினை ஓட்டினால் என் கவுண்டரில் இருக்கும் பேனா ஆடும். பதினொரு வருடமாக ஆடுகிறது. அவளுக்குப் பேசவே தெரியாது என்று தெருவில் சொல்வார்கள். அப்படியெல்லாம் இல்லை. வாயில் எப்போதும் நாலு குண்டூசி இருக்கும், அவ்வளவுதான். யாருக்கு ஒரு தோள் இறங்கியிருக்கிறது, யாருக்கு மூன்றாம் மாதம் என்பதெல்லாம் வீட்டாருக்கு முன்பே அவளுடைய டேப்புக்குத் தெரியும். அதில் ஒரு வார்த்தைகூட அவள் வாயிலிருந்து வெளியே வந்து நான் கேட்டதில்லை.

அளவுகளை முதலில் ஒரு நீள நோட்டில் எழுதி வைத்திருந்தாள். ஒரு மழையில் கூரை ஒழுகி நோட்டு கூழாகிவிட்டது. அழாத குறையாக வந்து நின்றவளுக்கு நான்தான் யோசனை சொன்னேன்.

“நோட்டு எதுக்கு? போன்ல பேர் போடற இடத்துலயே அளவையும் சேர்த்துப் போட்டுடு. அவங்க கூப்பிட்டா ரெண்டும் சேர்ந்தே வரும்.”

அன்றிலிருந்து அவள் போனில் யாருக்கும் வெறும் பெயர் கிடையாது. ‘பேக்கரி அக்கா 40 42 கை லூசு’. ‘நர்ஸ் 34 30 கழுத்து ஏத்தி’. மறக்கக் கூடாதது எதுவானாலும் பெயரோடு ஒட்டிவிடுவாள். ‘நூல்காரர் சில்லறை தரமாட்டார்’ என்றுகூட ஒன்று உண்டு. அதைப் பார்த்து நான் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன்.

ஓரம் அடிக்கும் மிஷின் வாங்க, போனிலேயே கடன் கொடுக்கும் ஒரு கம்பெனியில் விண்ணப்பித்தாள். பாதியில் போனைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். திரையில், ‘உங்கள் போனில் உள்ள தொடர்புகளைப் பார்க்க அனுமதிக்கிறீர்களா?’ என்று கேட்டிருந்தது. எனக்கு அன்று கூட்டம். நாலு பேர் சான்றிதழோடு நின்றுகொண்டிருந்தார்கள்.

“எல்லாம் இப்படித்தான் கேக்கும்மா” என்று சொல்லி, ‘அனுமதி’யின் மேல் என் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். அவள் வாயிலிருந்து ஊசியை எடுக்கக்கூட நேரம் கொடுக்கவில்லை.

பத்துத் தவணையையும் நாள் தவறாமல் கட்டினாள். பாக்கி இல்லை என்ற கடிதம் வந்ததும் நான்தான் அச்செடுத்துக் கொடுத்தேன். அளவெடுக்கும் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டாள். விட்டது தொல்லை என்று இரண்டு பேரும் நினைத்தோம்.

ஒன்றரை வருடம் கழித்து, அந்தக் கம்பெனி அவள் போனிலிருந்து எடுத்த எண்களை வைத்துப் புதுக் கடனுக்கு ஆள் பிடிக்கக் கிளம்பியது. கூப்பிடுகிறவர்களுக்கு என்ன தெரியும், பாவம். திரையில் என்ன பெயர் வருகிறதோ அதை அப்படியே வாசிக்கிறார்கள். முதலில் சண்டைக்கு வந்தது பேக்கரி அக்காதான்.

“எவனோ போன் பண்ணி, ‘பேக்கரி அக்கா நாப்பது நாப்பத்திரண்டு கை லூசுங்களா, லோன் வேணுமா’ங்கறான். என் புருஷன் பக்கத்துல உக்காந்திருக்கார். என் அளவை ஊருக்கே ஏலம் விட்டுட்டியா?”

தையல்காரிக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் முகம் வெளுத்துவிட்டது. நர்ஸ் வந்து, வெட்டாத துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார். அந்த வாரக் கடைசியில் கம்பியில் தொங்கிய துணிகளில் பாதி இல்லை.

அதற்கும் மேலே ஒன்று நடந்தது. பள்ளிக்கூட மேடம் ஒருவர். மூன்று வருடத்துக்கு முன் புற்றுநோய் வந்து ஒரு பக்க மார்பை எடுத்துவிட்டார்கள். டாக்டரையும் வீட்டுக்காரரையும் விட்டால் அது தெரிந்தவள் இவள் மட்டும்தான். ஒவ்வொரு சட்டைக்குள்ளும் பஞ்சை வைத்து, இரண்டு பக்கமும் ஒரே சமமாக வரும்வரை பிரித்துப் பிரித்துத் தைப்பாள். அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு மேடம் நிமிர்ந்து வகுப்புக்குப் போனார். இவள் போனில் அவர் ‘ஸ்கூல் மேடம் 36 34 இடது பஞ்சு’.

ஆசிரியர் அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவர், கை காலியில்லை என்று ஸ்பீக்கரைப் போட்டிருக்கிறார். அறையில் ஒன்பது பேர். ஒரு பெண் குரல் அந்தப் பெயரை முழுதாக வாசித்து, “மேடம் இருக்காங்களா?” என்று கேட்டது. யாரும் பேசாததால் இன்னொரு தடவையும் வாசித்தது.

மேடம் சண்டைக்கு வரவில்லை. போனில் ஒரே ஒரு கேள்வி கேட்டார், “நீ சொன்னியா?” என்று. இவள் வாயிலிருந்த ஊசிகளை எடுப்பதற்குள் மேடமே வைத்துவிட்டார். அன்று முழுக்க என் கவுண்டரில் பேனா ஆடவில்லை. பலகைக்கு இந்தப் பக்கம் என்னால் உட்கார முடியவில்லை.

மனு அடித்தேன். எனக்குத் தெரிந்தது அதுதானே. ‘கடன் பெறும்போது தாங்களே முழுச் சம்மதம் அளித்துள்ளீர்கள்’ என்று கம்பெனியிலிருந்து பதில் வந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் கீபோர்டில் ஒரு எழுத்தே பெயர்ந்துவிட்டது. கடனுக்குக் கொடுத்த சம்மதம் கடனோடு முடிந்தது, மற்றவர்கள் எண்ணை வைத்துக்கொள்ள உங்களுக்கு ஏது உரிமை என்று அடித்து, நுகர்வோர் குறைதீர் அலுவலகத்துக்கும் ஒரு நகல் எடுத்துக்கொண்டு போனோம். அங்கிருந்த எழுத்தர் நல்ல மாதிரி.

“உங்க நம்பரை அழிக்கச் சொல்ற உரிமை உங்களுக்கு இருக்கும்மா. மத்தவங்க நம்பர் அவங்களோடது. அவங்கவங்க கையெழுத்து போட்டுக் கொடுத்தா எல்லாத்தையும் சேர்த்து அழிக்கச் சொல்லலாம்.”

“சரிதாங்க. என்னோடது இல்லையே அதெல்லாம்” என்றாள் அவள். “கொடுக்கறதுக்கு நான் யாரு?”

எண்பத்தேழு பேர். முகத்தில் கதவைச் சாத்திய வீடுகளுக்கே திரும்பவும் போய் நின்றாள். நான் வண்டியில் கூட்டிப் போனேன். எல்லா வாசலிலும் ஒரே கேள்வி, நம்பரை எடுக்க அந்தக் கம்பெனியை விட்டது யார் என்று. எல்லா வாசலிலும் அவள், “நான்தாங்க அனுமதி கொடுத்தேன், தெரியாம செஞ்சுட்டேன்” என்றாள். நான் பக்கத்திலேயே நின்றேன். எனக்கும் கடை இருக்கிறது, வாடிக்கை இருக்கிறது என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது இதை எழுத.

மேடம் வீட்டுக்குக் கடைசியாகப் போனோம். கொளுத்துகிற வெயிலில் சால்வை போர்த்தியிருந்தார். எண்ணை அழிக்கச் சொல்லும் படிவத்தை நிதானமாகப் படித்துக் கையெழுத்துப் போட்டார்.

“இதுலேர்ந்து அழிச்சிடுவாங்க, சரி. அந்த ரூம்ல ஒம்போது பேர் கேட்டாங்களே, அதை அழிக்க எங்க கையெழுத்து போடணும்?”

இவள் படிவத்தை வாங்கிப் பைக்குள் வைத்தாள். வண்டியில் வரும்போது என் முதுகில் தலையை முட்டுக்கொடுத்து அழுதாள்.

எண்பத்தெட்டாவதாக என் கையெழுத்தையும் போட்டு அனுப்பினேன். ஒரு மாதம் கழித்து, ‘தங்கள் கோரிக்கைப்படி எண்கள் அனைத்தும் நீக்கப்பட்டன’ என்று கடிதம் வந்தது. மேடத்துக்கு ஒரு நகல் கொடுத்துவிட்டு வந்து, மிஷினில் உட்கார்ந்தாள். மேடத்துக்குப் புதுச் சட்டை ஒன்று, கேட்காமலே தைக்க ஆரம்பித்தாள்.

எட்டாம் நாள் என் போன் அடித்தது. கையில் தாள்கட்டு இருந்ததால் ஸ்பீக்கரைப் போட்டேன்.

“வணக்கம் சார். ‘ஜெராக்ஸ் அண்ணன் இவரைக் கேட்டுச் செய்’ சார்தானே பேசறது? உங்களுக்காக ஒரு கடன் வசதி…”

நான் பேசவில்லை. அந்தப் பெண் பெயரை இன்னொரு தடவை வாசித்தாள். பலகைக்கு அந்தப் பக்கம் மிஷின் நின்றது. வாயிலிருந்த ஊசிகளை அவள் ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் போடும் சத்தம் கேட்டது.

“அண்ணா” என்றாள். “அப்ப மேடத்தோட நம்பரும் இன்னும் அவங்ககிட்டதான் இருக்கா?”