ஒர்வா பேசத் தெரிந்த இரண்டு பேர்

ஜோஷ்வாவுக்குக் குடி கிடையாது, சீட்டு கிடையாது. அவன் அம்மா ஆரோக்கியமேரி இதைத் தெரு முழுக்கச் சொல்லிப் பெருமைப்படுவாள். அவனுக்கு இருந்த ஒரே கிறுக்கு, மொழி செய்வது.

தேர்வாய் கண்டிகையில் பம்ப் கம்பெனி லைனில் நிற்பவனுக்கு இந்தக் கிறுக்கு எங்கிருந்து தொற்றியது என்கிறீர்களா? எல்லாம் செல்போன் புண்ணியம். சமஸ்கிருதமும் லத்தீனும் ரஷ்யனும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் என்று எதிலோ படித்தான். அந்தக் குடும்பத்தில் யாருக்கும் தெரியாத இன்னொரு பிள்ளை இருந்தால் அது எப்படிப் பேசும்? அவ்வளவுதான், ஆள் காலி. அந்தப் பிள்ளைக்கு ஒர்வா என்று பேர் வைத்து வளர்க்க ஆரம்பித்துவிட்டான்.

நாமெல்லாம் வேற்றுமை உருபைப் பரீட்சையோடு மறந்தவர்கள். இவன் ஒர்வாவில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் எட்டு வேற்றுமை வைத்தான். ஒருமைக்கு ஒரு வால், பன்மைக்கு ஒரு வால், ஆண்பால் பெண்பாலுக்குத் தனித்தனி வால். வீடு என்றால் தோமோஸ். வீட்டை என்றால் தோமோம். வீட்டினுடைய என்றால் தோமோஸ்ய. வீட்டிலிருந்து என்றால் தோமோத். வால் தப்பினால் அவனுக்குச் சோற்றில் கல் கடித்த மாதிரி இருக்கும்.

அதைக் கற்றுக்கொண்ட ஒரே ஜீவன் அவன் தங்கை ஏஞ்சல். அண்ணன் மேல் பாசம், வேறென்ன. வாலைப் பழகுவதற்கென்றே இருவரும் வாக்கியம் கட்டுவார்கள். ராஜா ராணியை அடித்தான், ஓநாயின் வாயிலிருந்து பெண்ணை இழுத்தார்கள், கோட்டையிலிருந்து என்னைக் காப்பாற்று. எவ்வளவு அமர்க்களமாக இருக்கிறதோ அவ்வளவு சிரிப்பு.

ஏஞ்சலை மீஞ்சூரில் மோசஸுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்குக் காட்டுப்பள்ளிப் பக்கம் கான்ட்ராக்ட் வேலை. ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் அண்ணனும் தங்கையும் போனில் ஒர்வாவில் பேசிக்கொள்வார்கள். பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் மாமியாருக்கு ஒரே பேஜாரு. "இன்னாடி அது, தெலுங்கா?" என்பாள்.

தவக்காலத்து ஞாயிறு ஒன்றில் ஏஞ்சல் ரொம்பச் சன்னமான குரலில் பேசினாள். 'அவன் என்னை அடிக்கிறான். இந்த வீட்டிலிருந்து என்னைக் கூட்டிக்கொண்டு போ.' ஒர்வாவில்தான் சொன்னாள். அவசரத்தில் வீட்டிலிருந்து என்பதற்கு தோமோஸ்ய என்று வந்துவிட்டது.

"ஏய், தப்பு தப்பு," என்றான் ஜோஷ்வா. "தோமோத் சொல்லு. எத்தினி வாட்டி சொல்றது?"

ஏஞ்சல் முழு வாக்கியத்தையும் முதலிலிருந்து, நிதானமாக, தோமோத் போட்டுச் சொன்னாள்.

"ஆங், இப்ப கரெக்ட்டு!" என்றான். அவனுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். பெண்பால் வால்களையெல்லாம் மாற்றப்போவதாக வேறு அளந்தான். ஏஞ்சல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சரிண்ணா" என்று தமிழில் சொல்லி வைத்துவிட்டாள். அடப்பாவி, அப்போதாவது உறைத்திருக்க வேண்டாமா?

உறைத்தது நாலு நாள் கழித்து, கம்பெனி கேன்டீனில். மீஞ்சூரிலிருந்து பஸ்ஸில் வரும் நர்மதா டீயை ஆற்றிக்கொண்டே கேட்டாள். "ஜோஷ்வா, உன் தங்கச்சி கையில இன்னா மாவுக்கட்டு? தண்ணி புடிக்க வந்தப்ப பாத்தேன். வழுக்கி வியுந்துட்டேன்னுச்சு. எனக்கு நம்பிக்கை இல்லப்பா."

ஜோஷ்வாவுக்கு அந்த வாக்கியம் இப்போதுதான் காதில் விழுந்தது. வால் எல்லாம் உதிர்ந்துபோய், வெறும் தங்கச்சி குரலாக. சொல்லிக்கொடுத்துச் சரிபார்த்து, இரண்டாம் தடவை சொல்லவைத்து, சபாஷ் போட்ட குரல். அரை நாள் லீவு கேட்டான், பைக்கை எடுத்தான்.

மாமியார் வாசலிலேயே நின்றாள். "இன்னா நைனா, சொல்லாம கொள்ளாம வந்துகீற?"

அவன் அவளைத் தாண்டி உள்ளே போனான். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த ஏஞ்சல் நேரே அறைக்குள் போனாள். கட்டிலுக்கடியிலிருந்து ஒரு பையை இழுத்தாள். துணியெல்லாம் மடித்துத் தயாராக இருந்தது. எப்போது மடித்தாய் என்று கேட்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. அவளைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு வந்த வழியெல்லாம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான். எந்த மொழியிலும் வரவில்லை.

வீட்டில் ஆரோக்கியமேரி அழுதாள், மோசஸை வாய்க்கு வந்தபடி திட்டினாள், எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரிகளிடம் மகனைப் பற்றிப் பீற்றினாள். "எம் புள்ள மட்டும் ஓடலன்னா இன்னா ஆயிருக்கும்!" ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் ஜோஷ்வாவுக்குச் செத்துவிடலாம் போலிருந்தது. சட்டென்று ஒத்துக்கொள்ளவும் முடியவில்லை. அம்மாவின் புகழ்ச்சிக்குள் ஒளிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான், கோழை.

இருவருக்கும் சோறு போட்டுக்கொண்டே அம்மா மகளிடம் திரும்பினாள். "ஏண்டி, யாராண்டயாவது ஒரு வார்த்த சொல்லிருக்கக் கூடாதா?"

ஏஞ்சல் இடது கையால் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். "சொல்லத் தோணலம்மா."

ஜோஷ்வாவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "எங்கிட்ட சொன்னாம்மா. போன்ல சொன்னா. நான்தான் கேக்கல."

அம்மாவின் கரண்டி குழம்புக்குள் அப்படியே நின்றது. ஏஞ்சல் தலையை நிமிர்த்தவில்லை. குரலில் கோபமும் இல்லை.

"அப்டி சொல்லாதண்ணா. நல்லா கவனமாதான் கேட்ட."